வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவே

எங்கள் பங்கின் பாடகர் குழுவுக்கென்று ஒரு மரப்பெட்டி சக்கிரீஸ்தின் மூலையில் பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகங்கள், தோல் கிழிந்த தபேலா ஒன்று, யாரோ மறந்துவிட்டுப் போன ஜெபமாலை, இன்னும் என்னென்னவோ அதில் உண்டு. 2022ஆம் ஆண்டு திருவருகைக் காலத்துக்கு முன்பாக அதைத் துப்புரவு செய்ய முனைந்தபோது, அடியில் ஓர் ஒலிநாடாப் பேழை அகப்பட்டது. மேலே நீல மையில் ‘1994 பெரிய வெள்ளி’ என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன பாடல், யார் குரல் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. எங்களுக்குத் தெரியும்.

அது மாதா புலம்பல். ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, வியாகுல அன்னையின் மடியருகே காட்டி, பின்பு தூம்பாவில் கிடத்தும் வரைக்கும் எங்கள் ஊரில் பாடுவது. பாடியவரை ஊரே ‘தார் அம்மாயி’ என்று அழைத்தது. சோமனூர், கருமத்தம்பட்டி சுற்றுவட்டாரத்து விசைத்தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பாட்டு அவருக்கு அவருடைய தாயிடமிருந்து வந்தது. தாய்க்கு எங்கிருந்து வந்ததென்று அவருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் இரவும் பகலும் தறிச்சத்தம் ஓயாது. அதற்குப் பழகிப்போன காதுகள் எங்களுடையவை. பெரிய வெள்ளியன்று மட்டும் கிறிஸ்தவர் வீட்டுத் தறிகள் நின்றிருக்கும். அந்த வெறுமையில் அம்மாயியின் குரல் எழும்பும்போது கோவிலில் கைக்குழந்தைகூட அழாது.

1997இல் எங்கள் பங்குக்குக் கீபோர்டு வந்தது. மக்களிடம் வீடு வீடாகப் பிரித்த காசு. அந்தப் பெருமையில் நாங்கள் எல்லாப் பாடல்களுக்கும் அதை வாசிக்கத் தலைப்பட்டோம். 1998 தவக்காலத்தில் புலம்பலையும் அதனோடு சேர்க்கலாம் என்று அம்மாயியை ஒத்திகைக்கு அழைத்தோம். ஒவ்வொரு முறையும் மூன்றாம் சுரம் வருகிற இடத்தில் குரலும் கருவியும் முட்டிக்கொண்டன. பெரிய காந்தாரம் வைத்துப் பார்த்தோம். அவர் குரல் அதற்குக் கீழே நின்றது. சின்னக் காந்தாரம் வைத்துப் பார்த்தோம். குரல் மேலே நின்றது. எங்களுள் யார் முதலில் சொன்னது என்று இப்போது பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை, சொன்னோம்: “அம்மாயி, உங்களுக்குச் சுருதி சேரலீங்க.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “எங்காத்தா இப்பிடித்தான் பாடுவாங்க கண்ணு. பெட்டிக்குத் தக்கன எனக்கு வராது சாமி, நீங்களே பாடிக்கங்க” என்று சொல்லி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் பதினொரு பெரிய வெள்ளிகளுக்கு எங்கள் குழுவே கீபோர்டின் துணையோடு அந்தப் பாட்டைப் பாடிற்று. சின்னக் காந்தாரத்தில்தான் பாடினோம். சோகமாய் இருந்ததால் எல்லாருக்கும் பிடித்தும் இருந்தது. அம்மாயி உதடு அசைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். 2009இல் அவர் இறந்தார்.

ஒலிநாடாவை ஓட்டுவதற்கு ஒரு கருவியைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. கிடைத்த பின்பு, எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பொறியியற் கல்லூரி மாணவர் அதை மடிக்கணினியில் ஏற்றினார். குரலின் உயரத்தைக் கோடாக வரைந்து காட்டும் இலவச மென்பொருள்கள் இன்று உள்ளன. கேட்டுக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்த்தோம். நாங்கள் எதிர்பார்த்ததென்னவோ வயதான குரலின் தள்ளாட்டத்தைத்தான். ஆனால் அம்மாயியின் சட்சமம் அசையவில்லை, மத்திமம் அசையவில்லை. காந்தாரம், அந்தப் பாட்டில் அது வருகிற ஒவ்வொரு அடியின் முடிவிலும், ஏறக்குறைய ஒரே இடத்திலேயே வந்து நின்றது.

அந்த இடம் எது என்று சொல்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஆங்கிலேயரான அலெக்சாந்தர் எல்லிஸ் 1885இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த ‘சென்ட்’ கணக்குதான் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. ஒரு சட்சமத்துக்கும் அதற்கு மேலுள்ள சட்சமத்துக்கும் இடைப்பட்ட தொலைவு 1200 சென்ட். கீபோர்டில் அந்தத் தொலைவு பன்னிரண்டு சம கூறுகளாகப் பிரிகிறது. ஆகவே ஒவ்வொரு கட்டையும் முந்தைய கட்டையிலிருந்து சரியாக 100 சென்ட் தள்ளி நிற்கிறது. சின்னக் காந்தாரம் 300. பெரிய காந்தாரம் 400. அம்மாயியின் காந்தாரம் 345 அளவில் நின்றது. நாடா சற்றே வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருந்தால் முழுப்பாட்டும் ஏறும் அல்லது இறங்கும். சுரங்களுக்கு இடையிலுள்ள தொலைவு மாறாது. எனவே பழைய கருவியின்மேல் பழிபோடவும் எங்களுக்கு வழியில்லை. சுருதி சேராமல் போனது பெட்டிக்குத்தான். அவருடைய சுரத்துக்கு அதில் கட்டையே இல்லை.

இது எங்கள் ஒரு கோவிலின் கதை மட்டுமன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டார் இங்கே கொண்டுவந்த கருவிகளுள் ஆர்மோனியமும் ஒன்று. கோவில்களுக்கும் பள்ளிகளுக்கும் அதைச் சுமந்து வந்ததில் மறைபரப்பாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் பாட்டன்மார் அதன் பக்கத்தில் நின்று பாடிப் பழகியவர்கள். கட்டை அசையாது, குரல்தான் அசைந்து கொடுத்தாக வேண்டும். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது. கமகத்துக்கு இடங்கொடாத கருவி, நம் சுரத்தானங்களோடு ஒட்டாத கருவி என்பதே அதன்மேல் சாட்டிய குற்றம். முப்பது ஆண்டுத் தடையால் ஆர்மோனியம் அழிந்துவிடவில்லை. தெருக்கூத்திலும் நாடகத்திலும் பஜனையிலும் நம் கோவில்களிலும் அது பாடிக்கொண்டே இருந்தது. தடை செய்தவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பழியைக் கருவியின்மேல் போட்டுவிட்டுக் காதுகளைத் தப்பவிட்டார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. எங்கள் கதையில் கீபோர்டு அம்மாயியை ஒன்றும் சொல்லவில்லையே.

இந்த வேலையில் இறங்கிய பிறகு எங்களுக்குத் துணையாக வந்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். 1859இல் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். சித்த மருத்துவராகத் தஞ்சையில் பேரும் பொருளும் ஈட்டினார். ஈட்டியதை இசை ஆராய்ச்சியில் செலவிட்டார். சுருளிமலையில் சந்தித்த கருணானந்தர் என்னும் துறவியைக் குருவாகக் கொண்டு, மருத்துவ நிலையத்துக்கும் நூலுக்கும் அவர் பெயரையே சூட்டினார் என்பது, சமயங்களுக்கிடையே உரையாடல் பற்றி இன்று நாம் பேசுவதற்கு முன்பே ஒருவர் அதை வாழ்ந்துவிட்டதைக் காட்டுகிறது. அது வேறு கட்டுரைக்கு உரிய செய்தி. 1917இல் வெளிவந்த அவருடைய ‘கருணாமிர்த சாகரம்’ ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் பெருநூல். ஒரு தானத்துக்கு இருபத்திரண்டு சுருதி என்று வடமொழி நூல்வழி வந்த கொள்கையை அவர் மறுத்தார். பழந்தமிழரின் பாலை முறைகளை ஆராய்ந்து, இருபத்துநான்கு சம சுருதிகளே தமிழிசைக்கு அடிப்படை என்று நாட்ட முயன்றார். 1916இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டில் தம் புதல்வியரை வீணை வாசிக்கச் செய்து அதை விளக்கினார்.

1200ஐ இருபத்துநான்கால் வகுத்தால் ஒரு சுருதி 50 சென்ட். அப்படியானால் ஏழாவது சுருதி 350. அம்மாயியின் காந்தாரத்துக்கும் அதற்கும் இடையே ஐந்தே சென்ட். இந்த எண்ணைத் தாளில் கண்டபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. உடனே பண்டிதர் சொன்னதே மெய் என்று கூவத் தோன்றிற்று. கூவவில்லை, நல்லதாயிற்று. ஒரு கிழவியின் ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு ஓர் இனத்தின் இசையிலக்கணத்தை நிறுவ முடியாது. தவிர, 1963இல் ஜைராஸ்பாய், ஸ்டோன் என்னும் இருவர் வட இந்திய இசைவாணர்களின் சுரங்களைக் கருவிகொண்டு அளந்தபோது, ஒருவரே ஒரே கச்சேரியில் ஒரே சுரத்தைச் சற்றே வேறுவேறு இடங்களில் தொடுவதைக் கண்டார்கள். இருபத்திரண்டாயினும் இருபத்துநான்காயினும் குரல் கணக்குப் பார்த்து நடப்பதில்லை. ஆயினும், கட்டைகளுக்கு நடுவில் ஓர் இடம் உண்டு, அது பிழையன்று என்று ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் நூறாண்டுகளுக்கு முன்பே தம் சொத்தைச் செலவிட்டு எழுதிவைத்திருக்கிறார். அதை 1998இல் நாங்கள் படித்திருக்கலாம்.

இனிக் கோப்பின் கதை. கணினிக்குள் ஒலியை உண்டாக்கும் மென்பொருள்கள் பல வந்துவிட்டன. வெளியே ஒரு வெற்றுக் கட்டைப் பலகையை இணைத்துவிட்டால் அது ஆர்கனாகும், புல்லாங்குழலாகும், எதுவும் ஆகும். 2018 முதல் மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கும் ‘சர்ஜ்’ என்னும் மென்பொருளை எங்கள் மாணவர் வைத்திருந்தார். அதனிடம், எந்தக் கட்டை எந்தச் சுரத்தில் ஒலிக்க வேண்டும் என்று ஒரு சிறு எழுத்துக் கோப்பால் சொல்லிவிடலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த மானுவேல் ஓப் டி கூல் என்பவர் ஆக்கிய ‘ஸ்காலா’ மென்பொருளிலிருந்து வந்த முறை அது. அதே பெயரில் உலக இசைகளின் சுரவரிசைகள் 5,000-க்கும் மேல் தொகுக்கப்பட்டு யாவருக்கும் கிடைக்கின்றன. கோப்பு என்றவுடன் பெரிதாக எண்ண வேண்டா. முதலில் ஒரு வரி விளக்கம். அடுத்து எத்தனை சுரம் என்ற எண். பின்பு வரிக்கு ஒன்றாகச் சுரங்கள். சட்சமத்தை எழுத வேண்டியதில்லை. அது சொல்லாமலே அமைந்தது. பன்னிரண்டு வரிகளில் நான்காவது வரியில் 400 இருக்கும் இடத்தில் 345 என்று மாற்ற வேண்டும். அவ்வளவே.

மாற்றினோம். கட்டையை அமுக்கினால், பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கீச்சு. அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு விளங்கிற்று: அந்த முறையில் புள்ளியோடு எழுதினால்தான் எண் சென்ட் ஆகும், புள்ளி இல்லாமல் எழுதினால் அது விகிதம். 345.0 என்பது அம்மாயியின் காந்தாரம். வெறும் 345 என்பது சட்சமத்தைப்போல் முந்நூற்று நாற்பத்தைந்து மடங்கு அதிர்வு. மனிதக் காது இருபதாயிரம் அதிர்வோடு நின்றுவிடும். நாங்கள் கேட்டதோ அறுபதாயிரத்துக்கும் மேலே. ஒரு புள்ளியால் வந்த வினை. ஓலைச்சுவடிக் காலத்தில் குற்றெழுத்தா நெட்டெழுத்தா என்று புள்ளியின்றித் தடுமாறிய நிலையைக் கண்டு எகர ஒகரங்களுக்கு வேறு வடிவம் தந்தவர் வீரமாமுனிவர். அவர் இருந்திருந்தால் இந்தக் கோப்புக்கும் ஏதேனும் வழி செய்திருப்பார் என்று எங்களுள் ஒருவர் சொல்ல, அன்றைய ஒத்திகை சிரிப்பில் முடிந்தது.

அடுத்த நாள் இன்னொரு முட்டுக்கட்டை. கோப்பு ஏறியிருக்கிறது, காந்தாரம் மட்டும் பழையபடி 400இல் நிற்கிறது. ஆனால் கீழ் நிஷாதம் அபசுரமாய் ஒலிக்கிறது. வேறொன்றுமில்லை, வேறு எதுவும் சொல்லாவிட்டால் அந்த மென்பொருள் ஒரு கட்டைச் சுருதியையே சட்சமமாகக் கொள்ளும். நாங்கள் புலம்பலை வாசித்தது நாலரைக் கட்டையில். நான்காம் வரியின் மாற்றம் வேறொரு கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. எந்தக் கட்டை சட்சமம், அதற்கு எத்தனை அதிர்வு என்று தெரிவிக்க இரண்டாவது கோப்பு ஒன்று உண்டு. அதையும் எழுதிய பின்புதான் நாலரைக் கட்டைக்குரிய பெரிய காந்தாரக் கறுப்புக் கட்டை 55 சென்ட் இறங்கி, அதற்கும் பக்கத்திலுள்ள வெள்ளைக் கட்டைக்கும் நடுவே வந்து நின்றது. சட்சமத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டையை அமுக்கினோம். ஒருவரும் பேசவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகளாகக் கேளாத சுரம் அது.

அம்மாயியின் மூத்த மகள் பல்லடம் பக்கத்தில் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். கோவிலில் பாடியதில்லை. அவரை 2023 தவக்காலத்தில் அழைத்துவந்து உட்காரவைத்து, முதலில் நாடாவைப் போட்டோம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்கள் கோப்போடு பாட்டை வாசித்துக் காட்டினோம். ஒரு பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப்போல் நின்றோம்.

“எடம் சரிதானுங்க,” என்றார். சற்று யோசித்து, “ஆனா அம்மா அங்க வந்து நிக்காதுங்க. மேல இருந்து எறங்கி, அங்க தொட்டு, இன்னுங் கொஞ்சம் எறங்கி, அப்பறந்தானுங்க அடங்கும். நீங்க முளைக்குச்சி அடிச்ச மாதிரி அடிக்கறீங்க.”

கணினியில் கோட்டை மீண்டும் பார்த்தோம். அவர் சொன்னபடியே இருந்தது. மத்திமத்திலிருந்து நழுவி, 370 அருகில் நுழைந்து, 345இல் தங்கி, 330 வரை தாழ்ந்து ஓய்ந்தது அந்தக் கோடு. நாங்கள் நடுவே தங்கிய பகுதியை மட்டும் அளந்து ஒரு எண்ணாக்கி, அதைச் சுரம் என்று பெயரிட்டிருந்தோம். கட்டைப் பலகையின் ஓரத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் ஒன்று உண்டு. மாணவர் அதைக்கொண்டு இரண்டு வாரம் முயன்றார். ஓரளவுக்கு வந்தது. ஓரளவுக்கு என்பதே எங்கள் தீர்ப்பு.

“அக்கா, நீங்களே பாடீருங்க,” என்றோம். அவர் பலமுறை மறுத்தார். குரல் இல்லை, எழுத்துத் தெரியாது, சபையில் நின்றதில்லை என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார். கடைசியில், “எனக்குஞ் சுருதி சேராட்டி என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். தாயிடம் நாங்கள் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவரை தெரியும் என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. அன்று மன்னிப்புக் கேட்டோம். கேட்க வேண்டியவர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார் என்பதையும் நாங்கள் மறக்கவில்லை.

பெரிய வியாழன் திருப்பலியின் ‘உன்னதங்களிலே’ தொடங்கி, பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் மீண்டும் எழும் வரை, ஆர்கன் முதலிய கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம் என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. இந்த ஒழுங்கை நாங்கள் பல ஆண்டுகளாகக் காற்றில் பறக்கவிட்டிருந்தோம். இப்போதுதான் அதன் பொருள் எங்களுக்கு உறைத்தது. தாங்குவது வேறு, இழுத்துச் செல்வது வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், 119ஆம் எண், மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குச் சொந்தமான இசை மரபுகளுக்கு உரிய இடம் தரவேண்டும் என்கிறது. 120ஆம் எண், குழாய் ஆர்கனைப் பெரிதும் போற்றிவிட்டு, வழிபாட்டுக்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் இடமளிக்கிறது. அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எங்கள் பங்கின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. 120ஐ ஆவலோடு நிறைவேற்றினோம். 119ஐ உபதேசியார் வாசிக்கக் கேட்டதோடு சரி.

2023 ஏப்ரல் 7, பெரிய வெள்ளி. மகள் பாடினார். மாணவர் சட்சமத்தை மெல்லப் பிடித்துக்கொண்டு, அடி முடியும் இடங்களில் மட்டும் அந்தக் கறுப்புக் கட்டையைத் தொட்டார். முதல் அடியில் குரல் நடுங்கிற்று. மூன்றாம் அடியில் முன்வரிசைக் கிழவிகள் சிலர் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்பு அவர்களுள் ஒருவர் அடி முடிகிற இடத்தில் சேர்ந்துகொண்டார், பிறகு இன்னொருவர். அவர்கள் அனைவரும் அந்த நடுவிடத்துக்கே இறங்கினார்கள். இத்தனை ஆண்டுகளாக எங்களோடு சின்னக் காந்தாரத்தில் பாடிவந்த அதே கிழவிகள்.

மறுநாள் இரவு நடந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். திருவிழிப்பில் வாசகங்கள் முடிந்து, விளக்குகள் எல்லாம் எரிய, மணிகள் ஒலிக்க, பங்குத்தந்தை ‘உன்னதங்களிலே’ என்று எடுத்தார். இரண்டரைக் கட்டையில் நாங்கள் முழு வேகத்தோடு தொடங்கினோம். உடனே கோவிலே திடுக்கிட்டது. கோப்பை நீக்க மறந்திருந்தோம். நாலரைக் கட்டைக்குக் காந்தாரமாக இருக்கும் அதே கறுப்புக் கட்டைதான் இரண்டரைக் கட்டைக்குப் பஞ்சமம். பஞ்சமம் அசையக்கூடாத சுரம். அது 55 சென்ட் சரிந்து, உயிர்ப்பின் கீதத்துக்கு நடுவே ஒப்பாரி வைத்தது. மாணவர் வியர்த்து விறுவிறுத்துக் கோப்பை எடுப்பதற்குள் பாதிக் கீதம் முடிந்துவிட்டது. மணியோசை சற்றே மறைத்தது என்று பலர் எங்களைத் தேற்றினார்கள். பங்குத்தந்தை ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். கோவில் வாசலில் மகள் மட்டும், “நேத்து அழுதது இன்னும் தீரலீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மடிக்கணினியின் மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது: ‘புனித சனி, கோப்பை எடு.’

2024இல் தவக்காலம் தொடங்கியதும் மகளே வந்து ஒத்திகைக்கு நாள் கேட்டார். கூடவே அவருடைய பேத்தியையும் அழைத்துவந்திருந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளை. நாங்கள் கோப்பைத் திறந்து, நான்காம் வரியில் புள்ளி இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தோம். “அது இருக்கட்டுங்க,” என்றார். “சா மட்டும் புடிச்சுக்குங்க. மத்ததெ நாங்க பாத்துக்கறோம்.” அந்த ஆண்டு மார்ச் 29, பெரிய வெள்ளியன்று, மாணவர் பாட்டு முழுவதும் ஒரே கட்டையில் விரல் வைத்திருந்தார்.